பொதுச் சுவர் இல்லாத வீடு

ஓய்வுக்காலத்துக்கு வீடு வாங்குகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது புல்லைப் பற்றி. புல்லை நாமே வெட்டப் போகிறோமா, அல்லது வேறு யாரோ வெட்டுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு காபி குடிக்கப் போகிறோமா? அதைத் தீர்மானித்துவிட்டால் வில்லாவா தனி வீடா என்பது தானாகத் தெரிந்துவிடும். உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் இருபது வருடமாவது இருக்கும். இருந்தாலும் எழுதச் சொல்லி இத்தனை தாள் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் இதையும் எழுதிவைக்கிறேன். பிற்பாடு உதவும்.

எங்கள் குடியிருப்பில் வில்லா என்றதும் பெரிய பங்களாவை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஒரே கூரை, அதன்கீழ் இரண்டு குடும்பம், நடுவில் ஒரு பொதுச் சுவர். புல்லைச் சங்கத்து ஆட்கள் வெட்டுவார்கள், கூரை ஒழுகினாலும் அவர்களே வருவார்கள். தனி வீட்டில் நான்கு பக்கமும் நமக்கே சொந்தம், ஒழுகலும் நமக்கே சொந்தம். நான் மிச்சிகனில் முப்பத்தோரு வருடம் நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்தவன். ஹார்லன் டைக்ஸ்ட்ரா கையெழுத்துப் போட்டால் அந்தச் சுவர் நிற்கும் என்று கொத்தனார்களே சொல்வார்கள். சுவர்களைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

என் மனைவி கோராலின் பள்ளிக்கூடத்துச் சமையலறையை நடத்தியவள். நானூறு பிள்ளைகளின் பெயரும், யாருக்குப் பட்டாணி பிடிக்காது என்பதும் அவளுக்கு மனப்பாடம். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம். பிள்ளைகள் இல்லை. ஃப்ளோரிடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்கலாம் என்று ஒரு வில்லாவை மூன்று மாதம் வாடகைக்கு எடுத்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் டெல்ஃபீன் இருந்தாள். மேய்ன் மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், விதவை. அவள் சிரித்தால் எங்கள் அலமாரியில் தட்டுகள் பேசும்.

காலையில் காபி கொதித்ததும் கோராலின் சமையலறைச் சுவரில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு பதில் வரும். அடுத்த நிமிடம் டெல்ஃபீன் தன் கோப்பையோடு எங்கள் வாசலில் நிற்பாள். ஒரு மாதத்துக்குள் செவ்வாய்க்கிழமை சீட்டாட்டம், வியாழக்கிழமை நீச்சல்குளத்தில் உடற்பயிற்சி என்று ஆகிவிட்டது. எனக்குப் பொறாமை என்று டெல்ஃபீன் உங்களிடம் சொல்லியிருப்பாள். பொறாமை ஒன்றும் இல்லை. சுவரின் கனம் போதவில்லை என்பது மட்டுமே என் குறை. ஆனால் இத்தனை வருடத்தில் என் காபிக்காக கோராலின் எதையும் தட்டியதில்லை என்பதும் உண்மை. அதை அப்போது கவனித்தேன், வருத்தமாக இருந்தது.

நான் ஒரு பட்டியல் போட்டேன். இடது பக்கம் வில்லா, வலது பக்கம் தனி வீடு. தனி வீட்டில் கார் கொட்டகை பெரிது, தச்சுவேலைக்கு மேசை போடலாம். கதவுகள் மூன்றடி அகலம், நாளைக்கு எங்களில் ஒருவர் படுத்துவிட்டால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். கோராலின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

"கதவு இருக்கு, குழாய் இருக்கு, கரையான் மருந்துகூட இருக்கு. நான் பேசறதுக்கு ஆள் எங்க இருக்கு இதுல?"

"நான் இருக்கேனே."

அவள் சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குளிர்காலம் முடியும்போது நாங்கள் வாடகைக்கு இருந்த அதே வில்லா விலைக்கு வந்தது. கோராலினுக்கு அதுதான் வேண்டும் என்றால் அதுதான். சரி, நான் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். விற்பனை அலுவலகத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து, ஒஹையோக்காரத் தம்பதி ஒன்று முந்திக்கொண்டது என்று சொன்னேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஒஹையோக்காரத் தம்பதி ஒன்று அங்கே இருந்தது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்படித்தான் இந்தத் தனி வீட்டை வாங்கினோம். வில்லாக்களிலிருந்து மூன்று மைல், தெருவின் கடைசி வீடு. தெருவில் பதினான்கு வீடுகள். மே மாதம் வெயில் ஏறியதும் பன்னிரண்டு குடும்பங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வடக்கே போய்விடுவார்கள். ஜூலையில் நாங்களும், தபாலை எடுக்க மட்டும் வெளியே வரும் ஒரு கிழவரும்தான். அந்த அமைதியை நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். கோராலின் முதல் வருடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வருடம் வானொலியை எந்நேரமும் ஓடவிட ஆரம்பித்தாள்.

போன மாதம் டெல்ஃபீன் வழியாக விஷயம் வெளியே வந்தது. கோராலின் கீரையை அலம்பிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த வில்லா அப்போ ரெண்டு மாசம் பூட்டிக் கெடந்துச்சாம், ஹார்லன். யாரும் முந்திக்கலயாம்."

நான் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து மேசைமேல் வைத்தேன்.

"கத்த மாட்டேன், பயப்படாத. அப்புறமா வாங்கின ஆளு இப்போ பொண்ணு வீட்டுக்குப் போறாராம். அம்மா வழியா வந்த பண்ணைப் பங்குப் பணத்துல நான் வாங்கிட்டேன். என் பேருல. வெள்ளிக்கிழமை ஜூலை பதினெட்டு சாவி தர்றாங்க. நீ வர்றதுன்னா வா. வரலேன்னா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்காவது வா."

வா என்று அவள் கூப்பிட்டதை நான் மறைக்கவில்லை. அவள் எப்போதும் நியாயமானவள். ஆனால் எழுபத்து நான்கு வயதில் மனைவி வீட்டுக்கு விருந்தாளியாக, கையில் ஒரு கேக்கை ஏந்திக்கொண்டு போய் மணி அடிக்க என்னால் முடியாது. ராத்திரியெல்லாம் தூங்காமல் படுத்திருந்தேன். பயமாக இருந்தது. தனியாகச் சாப்பிடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இதையும் எழுதிக்கொள்ளலாம்.

சாவி தருகிற வாரத்துப் புதன்கிழமை காலையில் குளியலறையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கோராலின் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் குடியிருப்பின் பொது மன்றத்தில் கொடுத்த காந்த அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கவாதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அதில் இருக்கிறது. முகம் பார்க்கவும், கை தூக்கச் சொல்லவும், பேசச் சொல்லவும். நான் வரிசையாகச் செய்தேன். வலது கை எழும்பவில்லை. பேச்சு குழறியது, என் பெயர்கூட முழுதாக வரவில்லை. அடுத்த வரி, நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். குறித்துக்கொண்டேன். ஒன்பது இருபது. சமையலறையில் நீங்கள் எடுத்த தாள் அதுதான். எல்லாவற்றையும் குறித்து வைப்பது என் தொழில் பழக்கம்.

அதற்கும் கீழே, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் என்று இருக்கிறது. அதையும் படித்தேன்.

மன்றத்தில் ஒரு நர்ஸ் வந்து பேசியபோது நாங்கள் இருவரும் முன்வரிசையில் இருந்தோம். முதல் மூன்று மணி நேரத்துக்குள் மருந்து ஏறிவிட்டால் பாதிப் பேர் தங்கள் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், தாமதித்தால் போனது போனதுதான் என்று அவள் சொன்னாள். குளியலறை வாசலில் நின்றபோது அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. தங்கள் காலாலேயே. கோராலின் தன் காலாலேயே நடந்து எங்கே போவாள்? எந்த வீட்டுக்குப் போவாள்? எனக்கு அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

நான் அவளை அப்படியே விட்டுவிடவில்லை. தலைக்குத் தலையணை வைத்தேன், போர்வை போர்த்தினேன். நான் இருக்கிறேன், கவலைப்படாதே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் பாதிதான் அசைந்தது, ஆனால் கண்கள் தெளிவாக இருந்தன. நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இடது கையால் பக்கத்துச் சுவரைத் தட்ட ஆரம்பித்தாள். இரண்டிரண்டு தட்டாக. அந்தச் சுவருக்கு வெளியே எங்கள் செம்பருத்திச் செடிதான் இருக்கிறது என்று அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. நான் வெளியே போய்ப் புல் வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பினேன்.

பதினொரு மணிக்கு டெல்ஃபீன் கோல்ஃப் வண்டியில் வந்தாள். சாமான் கட்டுவதற்கு அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்திருந்தாள். இயந்திரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

"கோரா எங்க?"

"படுத்திருக்கா. ராத்திரி சரியா தூங்கல."

அவள் வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தாள்.

"அது என்ன சத்தம்?"

"துணி துவைக்கிற மெஷின். ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது, அதான் இடிக்குது. சரி பண்ணணும்."

"ஊரு வீட்டுக்கெல்லாம் இன்ஸ்பெக்டர், சொந்த மெஷின் மட்டும் சாஞ்சு நிக்குதாக்கும்." சிரித்தாள். "தூங்கட்டும் விடுங்க. வெள்ளிக்கிழமைக்கப்புறம் நான் அவளத் தூங்க விடப்போறதில்ல."

அவள் போன பிறகு பெட்டிகளைத் தட்டையாக மடித்துக் கொட்டகையில் அடுக்கினேன். பாக்கிப் புல்லை வெட்டி முடித்து ஓரங்களையும் சீர்செய்தேன். பன்னிரண்டரைக்கு உள்ளே போனபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது. மூச்சு ஒழுங்காக இருந்தது, கையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சான்ட்விச் செய்து அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்று மணி நேரம் என்று நர்ஸ் சொன்னாலும், எதற்கும் கொஞ்சம் கூடுதலாக விட்டேன். சுமைதாங்கும் சுவருக்கும் நான் அப்படித்தான் செய்வேன். இரண்டரைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒன்பதே நிமிடத்தில் வந்தார்கள். இப்போதுதான் பார்த்தேன் என்று அவர்களிடம் சொன்னது பொய். அதற்கு வருந்துகிறேன்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம். ஐந்து மணி பத்து நிமிடம், தெரிந்தே காத்திருந்தேன். அவள் சாக வேண்டும் என்று ஒரு கணம்கூட நினைத்ததில்லை, அதைத் தனியாக அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவள் போக முடியாத அளவுக்கு மட்டும் குணமாக வேண்டும் என்று நினைத்தேன். அப்படியேதான் ஆகியிருக்கிறது. வலது பக்கம் அசைவில்லை, பேச்சு வராது என்கிறார் டாக்டர், ஆனால் நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறதாம். அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நான் திரும்பிய அன்றே குளியலறையில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்திவிட்டேன். வாசலில் சாய்தளம் போட்டாயிற்று. கஞ்சி ஊட்டக் கற்றுக்கொண்டேன். என்னை இங்கே போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டால் இதையெல்லாம் யார் செய்வார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நேற்று, நீங்கள் வந்து என்னை அழைத்துப் போவதற்கு முன், மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் கோராலினின் கட்டிலில் இரண்டு படங்களை வைத்தாள். ஒன்று எங்கள் வீடு, நான் கொண்டுபோனது. மற்றது வில்லா, டெல்ஃபீன் கொண்டுவந்தது. எங்கே போகணும், தொட்டுக் காட்டுங்க என்றாள். கோராலினின் இடது கை வில்லாவின் மேல் போய் நின்றது. வாதம் வந்தவர்களுக்கு இடது வலது தடுமாறும் என்று நான் சொன்னேன். அந்தப் பெண் படங்களை இடம் மாற்றி வைத்தாள். கை குறுக்கே போய் மறுபடியும் வில்லாவைத் தொட்டது. பழக்கமில்லாத இடது கை, பாவம், ஒரேயடியாக நடுங்கியது. மூன்றாவது தடவை நான் அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்து நடுக்கத்தை நிறுத்தினேன். விரல் நேராக எங்கள் வீட்டின் மேல் வந்து நின்றது. அவளுக்கு வீட்டுக்கு வர எவ்வளவு ஆசை என்பதை நீங்களும் பார்த்திருக்க வேண்டும்.