முப்பத்தோராவது கழுவல்

“கரியிலதாம் வே கள்ளம்! முப்பது தடவ கழுவியாச்சு, முப்பது! கல்யாண வீட்டு வார்ப்பக்கூட எவனும் இப்பிடித் தேச்சதில்ல…”

ஹைட்ரஜன் சிலிண்டரை இறக்கிவிட்டு, ரசீதில் கையெழுத்துக்காக நின்ற ஸ்ரீகுமாரைக் கோலப்பன் விடுவதாயில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வுக்கூடத்தையே விடாத மனிதர் அவர்.

“இந்தக் கரித்தூளுல பிளாட்டினமும் வெள்ளீயமும் சேந்து ஒட்டியிருக்கு, பாத்துக்கிடும். பட்டை எண்ணெயில ஹைட்ரஜன ஒரே ஒரு எடத்துல ஏத்தணும். பிளாட்டினத்தத் தனியா விட்டா கண்ட எடத்துலயும் ஏத்திரும். வெள்ளீயம் கூட இருந்தா… எம் பொஞ்சாதி பக்கத்துல நிக்கும்போ நான் மாதிரி, அவ்வளவு ஒழுக்கம்! ஆனா குளோரைடு துளியும் மிஞ்சப்படாது. கழுவின தண்ணியில சில்வர் நைட்ரேட் விட்டா வெள்ளையாக் கலங்கப்படாது. கலங்குதே! நில்லும் வே, கையெழுத்து தாறேன்… ஆராய்ச்சி பண்ணுத ஆர்ஷாப் பிள்ளையோட செய்முறையே தப்புன்னு காலம்பற அவ சாருட்ட சொல்லிட்டேன். ஒதுக்கி வைக்கச் சொல்லிட்டாரு. இருந்த கடைசிப் பிளாட்டினம் அது. நாளைக்கு ரியாக்டர்ல அவ முறை. விட்டா இன்னும் மூணு மாசம். பிள்ள அழுதுட்டு… நான் என்ன செய்ய? பொன்முடி மேகத்துலயே குளோரைடக் கண்டுபிடிச்சவனாக்கும் நான்! சிரிக்காதீரும்.”

ஸ்ரீகுமார் கைக் கிரீஸைக் கழுவக் குழாயைத் திறந்தான்.

“அதக் குடிச்சிராதீரும், ஒரே குளோரின் நாத்தம். டெஸ்ட் டியூப் அலச மட்டுந்தான் நான் அத…”

கோலப்பன் டெஸ்ட் டியூபைக் குழாயடியில் நீட்டினார்.

பிடித்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பாலாகக் கலங்கியது. டியூபைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, எடுத்து வைத்திருந்த நாலாவது கழுவலைச் சோதித்தார். பளிங்கு மாதிரி நின்றது.

“அட மடக் கோலப்பா! பாக்கி இருபத்தாறு தடவையும் உம் மண்டைய இல்லா கழுவியிருக்கணும்! ஓய், இத வெளிய…”

திரும்பினால் ஆளைக் காணோம். சிலிண்டர் கழுத்தில் ரசீது மட்டும் செருகியிருந்தது. சாட்சி போயாச்சு! அந்த நேரம் பார்த்து ஆர்ஷா வந்து நின்றாள்.

“மோளே, சரியாயிட்டு! முப்பத்தொண்ணாவது கழுவல்லதாம் சூட்சுமமே இருக்கு. சும்மா விடுவானா கோலப்பன்?”

அவள் முகம் மலர நோட்டைப் பிரித்து எழுதத் தொடங்கினாள்: ‘கழுவல், முப்பத்தொன்று.’ இதைப் படித்து ஊர் உலகத்துப் பிள்ளைகளெல்லாம் விடிய விடியக் கழுவும் காட்சி கோலப்பனின் கண்ணில் ஓடியது.

“அத அடிச்சிரு மோளே… நாலுன்னு எழுது. மிச்சம் இருபத்தேழயும் எம் பேருல போடு. வா, உன் சாருட்ட நானே வந்து சொல்லுதேன்.”