இடிதாங்கி என்ற வேடம்

மந்திரவாதிக்குப் பெயர் வைப்பது சுலபம் சார். மந்திரவாதி என்று எழுதினால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. மற்றவர்களுக்குப் பெயர் வைக்கும்போதுதான் உயிர் போகும்.

எழுதித் தரச் சொன்னீர்கள். முதலில் இருந்து வரிசையாக எழுதுகிறேன். எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்று எனக்கு எப்போதும் சரியாகத் தெரிவதில்லை. தேவையில்லாததை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

நான் லிப்ட் மெக்கானிக். அக்காவின் கணவரும் அதே கம்பெனிதான். அவர் சீனியர், நான் அவருக்குக் கீழே. இருப்பதும் அவர்கள் வீட்டில். வேலை முடிந்து மாலையில் ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேஜையில் விளையாடும் கதை விளையாட்டுகளை உருவாக்கச் சொல்லித்தரும் வகுப்பு. கடைத்தெருவில் உள்ள பழைய கட்டடத்தின் கடைசி மாடியில் நடந்தது. அந்தக் கட்டடத்து லிப்டையும் நாங்கள்தான் பராமரித்தோம். அது உங்களுக்குத் தெரியும்.

விளையாட்டு என்னவென்று கேட்டீர்கள். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதை சொல்வார்: காடு, குகை, உள்ளே ஓர் அரக்கன். மற்றவர்கள் ஆளுக்கொருவராக அந்தக் கதைக்குள் போவார்கள். செய்வதைச் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். யாரால் என்ன முடியும் என்பது அவரவர் வகையைப் பொறுத்தது. வாள் வீசுகிறவன் ஒரு வகை, பூட்டைத் திறக்கிறவன் ஒரு வகை, காயத்தை ஆற்றுகிறவள் ஒரு வகை. அந்த வகைகளை உருவாக்கிப் பெயர் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை.

வகை என்பதற்கே நல்ல சொல் வேண்டியிருந்தது. வகுப்பு என்று வைத்தேன். "எத்தனாம் வகுப்பு மாப்ள? பெயிலானா திரும்பப் படிக்கணுமா?" என்றார் அத்தான். பாத்திரம் என்று மாற்றினேன். "எவர்சில்வரா, பித்தளையா?" என்றார். குலம் என்று போட்டதை ஆசிரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டார், பிறப்போடு ஒட்டிக்கொண்டு வருவது போல இருக்கிறது என்று. அது நியாயம்தான். கடைசியில் வேடம் என்று முடிவு செய்தேன். அத்தான் அதற்கும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதனால் சரியான சொல்லாகத்தான் இருக்க வேண்டும்.

பூட்டுத் திறக்கிறவனுக்கு நிழலடி என்று பெயர் வைத்தேன். காயம் ஆற்றுகிறவளுக்குத் தையல்காரி. மண்டையை உடைத்துக்கொண்டு வைத்த பெயர்கள். வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. திருடன் என்றார்கள், டாக்டர் என்றார்கள். திருத்தினால், "சரிப்பா, அதான்" என்றுவிட்டுப் பகடையை எடுப்பார்கள். "சரிப்பா, அதான்" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பல்லைக் கடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. தாடை வலிக்கும்போதுதான் கடித்துக்கொண்டிருப்பதே தெரியும்.

இடிதாங்கி ஒரு மொட்டைமாடியில் கிடைத்தது. மோட்டார் அறையில் வேலை முடித்து வெளியே வந்தேன். பக்கத்தில் அந்தக் கம்பி நின்றது. கட்டடத்தின் மேல் விழுகிற இடியைத் தன் மேல் வாங்கி மண்ணுக்குள் இறக்கிவிடுகிற வெறும் கம்பி. இப்படி ஒரு வேடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. விதியை அங்கேயே நின்று யோசித்து முடித்தேன். கூட்டத்தில் யார் மேல் அடி விழ இருந்தாலும், அவர் இடிதாங்கியைப் பார்த்து 'தாங்கு' என்று சொல்லலாம். சொன்னால் அந்த அடி முழுக்க இடிதாங்கிக்கு. அவன் மறுக்க முடியாது. நான் செய்ததிலேயே சுத்தமான விதி அதுதான். ஒரு சொல், ஒரு விளைவு.

யாரும் அதை எடுக்கவில்லை. எடுத்த ஒருவரும் முதல் குகையிலேயே செத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆசிரியை நல்லவர். பல வருடம் பொம்மைக் கம்பெனியில் விளையாட்டுகள் உருவாக்கியவர். முழங்கால் போய்விட்டதால் கைத்தடியோடு நடப்பார், படி ஏற மாட்டார். யாரையும் மட்டம் தட்டிப் பேச மாட்டார். அதனால்தான் அவர் சொன்னது எனக்கு அவ்வளவு நாள் உள்ளேயே கிடந்தது.

"இவனுக்குன்னு ஒண்ணுமே இல்லையேப்பா," என்றார். "ஊரார் அடியெல்லாம் வாங்குறான். ஏன் வாங்குறான்? அவனுக்கு யாரைப் பிடிக்கும்? வேண்டாம்னு சொல்ல வழியே இல்லைன்னா அது ஆள் இல்ல, கம்பி."

கம்பிதான், அதுதான் அழகு என்றேன். மனிதர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்றார். விளையாட்டுப் பதிப்பாளர்கள் பார்க்க வரும் நாளுக்கு என் விளையாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். இடிதாங்கியை எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. "காவலன்னு ஒண்ணு போட்டுக்கோ. எல்லாருக்கும் புரியும்."

காவலன். எந்தக் கடையிலும் கிடைக்கும் பெயர். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அவர் சொன்னது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். அவர்தான் அதைச் சொல்லிக்கொடுத்தார். அத்தானை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து அந்த வேடத்தைக் கொடுத்தேன். அக்கா நிழலடி. அத்தான் எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு, "இதுல என்ன புதுசு, உங்கக்காவைக் கட்டுன நாள்ல இருந்து இதான் என் வேலை" என்றார். அக்கா பகடையை அவர் மேல் எறிந்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவர் பெயர் இடிதாங்கி.

பிறகு வேலையில் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளர் தாமதத்துக்குக் கத்தினார். தாமதம் என்னால். அத்தான் காதருகே, "தாங்குங்க அத்தான்" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் போய் மன்னிப்புக் கேட்டார். அடுத்து, நான் தவறாக வாங்கிவந்த சாமானுக்கு மேனேஜரிடம் அவர் திட்டு வாங்கினார். பிறகு நான் எரித்த ஒரு சர்க்யூட் போர்டுக்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கினார். படிப்படியாகத்தான் ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு சொல்தான். ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டார். கடைசித் தடவை சிரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதியில் சிரிப்பு இல்லை என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இதையெல்லாம் ஆசிரியையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இதெல்லாம் சின்ன அடிப்பா. பெரிய இடி விழுந்தா யாரும் நிக்க மாட்டாங்க," என்றார்.

வகுப்பு நடக்கும் கட்டடத்து லிப்ட் கையால் இழுத்து மடக்கும் கதவு உள்ள பழைய லிப்ட். கதவு முழுக்க மூடினால்தான் ஓடும். அந்த வாரம் அதில் கோளாறு. சோதிப்பதற்காகக் கதவின் சுவிட்சுக்கு ஒரு துண்டு ஒயரால் டைரக்ட் கொடுத்திருந்தோம். அப்படிக் கொடுத்தால் கதவு திறந்திருந்தாலும் லிப்ட் கிளம்பும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அத்தான் வண்டியில் சாமான் ஏற்றக் கீழே போகும்போது, "ஒயரை எடுத்துட்டு வா மாப்ள" என்றார். நான் எடுக்கவில்லை.

அன்று மாலை ஆசிரியை தரைத்தளத்தில் கதவை இழுத்து ஒரு காலை உள்ளே வைத்தபோது மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். லிப்ட் கிளம்பிவிட்டது. மற்றது உங்கள் படங்களில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியது யார் என்று இரண்டு தடவை கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

மறுநாள் கம்பெனி அலுவலகத்தில் உங்கள் ஆட்கள் வந்து, கடைசியாக அந்த லிப்டில் கை வைத்தது யார் என்றார்கள். நானும் அத்தானும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். மேனேஜர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அத்தானைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்து, 'தாங்குங்க' என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் போய், "நான்தான் சார். ஒயரை எடுக்க மறந்துட்டேன்," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கணக்கு சரியாக வந்த மாதிரி. பெரிய இடி விழுந்தது, அவர் நின்றார். இதைச் சொல்ல வேண்டிய ஒருவர்தான் இல்லை.

ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். நேற்று அக்கா ஜெயிலில் அத்தானைப் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். அத்தானுக்கு எத்தனை வருடம் ஆகுமோ என்று வக்கீலுக்கே தெரியவில்லையாம். இடிதாங்கி விதியை அவளுக்கு விளக்கினேன். அவர் மறுத்திருக்க முடியாது, அதனால் அவர் மேல் கோபப்படாதே என்று சொல்ல நினைத்தேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அவரு உன் ஆட்டத்துக்காகப் போகலடா," என்றாள். "நீதான் செஞ்சேன்னு அவருக்கு அங்கயே தெரியும். 'உன் தம்பி உள்ள போயிட்டா நீ உடைஞ்சு போயிடுவ, அதனாலதான் போனேன்'னாரு. வேண்டாம்னு சொல்லத் தெரியாம இல்ல. எனக்காகச் சொல்லல."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ மறந்துதானடா போன?" என்று கேட்டாள். நான் அவள் செருப்பையே பார்த்தேன். அவள் இரண்டு அடி பின்னால் போனாள்.

அதனால்தான் இன்று வந்தேன் சார். அக்காவின் முகத்துக்காக என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் கொஞ்சம் இருக்கலாம், எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. முக்கியமாக, சோதனை தப்பாகிவிட்டது. அந்த ஒரு சொல் வேலை செய்யவே இல்லை. அவர் தானாக, ஆள் பார்த்து, காரணத்தோடு வாங்கியிருக்கிறார். ஆசிரியை சொன்னது சரி. வரும் வழியில் விதியை மாற்றினேன்: இடிதாங்கி யாருக்காகத் தாங்குவான் என்பதை முதலிலேயே ஒருவரைத் தேர்ந்து சொல்ல வேண்டும், மற்றவர்களுக்கு அவன் மறுக்கலாம். இப்போது வேடம் நன்றாக இருக்கிறது. இதை அவரிடம் காட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். பெயரையும் விட்டுவைத்திருப்பார்.

அத்தானை விட்டுவிடுங்கள். அவர் சொன்னது பொய்.

ஆசிரியை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அன்று நான் படியில்தான் ஏறிப் போனேன். முதல் மாடியில் லிப்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றேன். பலர் வந்து லிப்டில் ஏறிப் போனார்கள், நான் சும்மாதான் இருந்தேன். கைத்தடிச் சத்தம் கேட்டது, கதவு இழுபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அழுத்தினேன்.