மஞ்சள் பெட்டி டிப்

அக்கா: ...வெண்ணெயைக்கூட லேத்துல மாட்டற இந்த டிப்பு கெஞ்சிக் கூத்தாடித்தான் வெட்டும். இதை வச்சு நான் எவர்சில்வர் ராடைக் கடையணுமாக்கும்.

தம்பி: டிப்புல ஒரு குறையும் இல்லக்கா.

அக்கா: தரையைப் பார்த்துப் பேசாத. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

தம்பி: டிப்புல குறையில்ல.

அக்கா: அப்போ ரெண்டு ராடு ஏன் போச்சு? டிப்போட மூக்கும் உடைஞ்சு கிடக்கு பாரு. நான் கேட்டது என்ன?

தம்பி: நல்ல கூரா, சாய்வா, வழுக்கிட்டு உள்ள இறங்குற டிப்பு.

அக்கா: வாங்கினது?

தம்பி: ...மஞ்சள் பெட்டி.

அக்கா: மஞ்சள் பெட்டி. சாதா இரும்பைச் சீவுற மொண்ணை. கஞ்சப் பயலே, உன்னை ஸ்டோருக்கு வச்சதுக்கு ஒரு பூனையை வச்சிருக்கலாம்.

தம்பி: நீதான் டிப்பை வெட்டவிடாம சும்மா உரசவிட்டே. எவர்சில்வரை உரசினா மேல்தோல் இறுகிடும், அப்புறம் எதை வச்சாலும் உடையும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறது யாரு?

அக்கா: நானா உரசவிட்டேன்? இந்த லேத் முன்னாடி நான் நிக்க ஆரம்பிச்சப்ப நீ டவுசரைக் கையில பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன்டா.

தம்பி: உரசல்ல அது போட்ட கூச்சலுக்குத் தெருநாயெல்லாம் குடும்பத்தோட வீடு மாறிடுச்சு. எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டார். நீ மட்டும் கல்லு மாதிரி நிக்கறே.

அக்கா: ...கவனிக்கல.

தம்பி: பின்னாடி நின்னு தொண்டை வத்தக் கூப்பிட்டேன்.

அக்கா: மெஷின் சத்தத்துல எப்படிடா கேக்கும்?

தம்பி: அப்போ மெஷின் நின்னுபோயிருந்துச்சுக்கா.

அக்கா: பேச்சை மாத்தாத. மிச்சம் இருக்கறது ஒரே ராடு. சாயங்காலத்துக்குள்ள இதை ஷாஃப்ட்டாக் கடைஞ்சு அனுப்பலைன்னா பால் பண்ணையில பம்பு ஓடாது. திரிஞ்ச பாலையெல்லாம் அந்த மேனேஜர் நம்ம தலையிலதான் கொட்டுவான். இனிமே ஒரு ஆணிகூட நம்மகிட்ட கடையக் கொடுக்க மாட்டான்.

தம்பி: நீ தள்ளு. நான் ஓட்டறேன்.

அக்கா: கையை எடு. ஒடிச்சுப்புடுவேன்.

தம்பி: அப்போ கேட்டுக்க. பெட்டிதான் மஞ்சள். உள்ள இருக்கறது எப்பவும் நீ கேக்கற அதே டிப்பு. நான்தான் பெட்டியை மாத்தி வச்சேன்.

அக்கா: எதுக்குடா?

தம்பி: கொஞ்ச நாளாவே ராடு வீணாகுது. பழியை டிப்பு மேலயும் என் மேலயும் போட்டுட்டுப் போயேன்னுதான்... உன்கிட்ட வந்து காதைப் பத்தி நான் எப்படிக் கேக்கறது?

அக்கா: பெரிய ராஜதந்திரி. முதல் பெட்டியிலயே முனையை விரல்ல தடவினேன், நல்ல டிப்புன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சேதான்டா உன்னைத் திட்டிக்கிட்டிருந்தேன்... போ, ராடை மாட்டு. என் பக்கத்துலயே நில்லு. டிப்பு உரசிக் கத்த ஆரம்பிச்சா தோள்ல தட்டு, வாயால சொல்லாத. இவ்வளவு நேரமும் உன் உதட்டைப் பார்த்துத்தான் சண்டை போட்டேன்.