வெட்டிவேர் அத்தரைப் பற்றி

அன்றைக்கு உங்கள் வீட்டு முன்கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். முதலாளி சுந்தரராஜ் சாய்வு நாற்காலியில். அவர் மனைவியாகிய நீங்கள், ஆக்னஸ் அம்மா, பக்கத்துப் பிரம்பு நாற்காலியில். அத்தர் வியாபாரி ஈஸா கீழே விரித்த பாயில், முன்னால் திறந்த பெட்டியோடு. முதலாளி சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியின் கணக்கன் மாசானமாகிய நான் நிலையோரம் நின்றுகொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்த முதல் கோடை. கணவனும் மனைவியும் ஒரே வாசனை பூச வேண்டும், உசத்தியாக இருக்க வேண்டும் என்றார் முதலாளி. ஈஸா மல்லிகையை ஒதுக்கினார், அம்பரை ஒதுக்கினார்.

"வெட்டிவேர்தான் முதலாளி. வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆம்பளையும் பூசலாம், பொம்பளையும் பூசலாம்."

"ஏலே மாசானம், கையை நீட்டு. ஒன் சங்கு நாத்தத்தையே அமுக்கிட்டுன்னா, இது நல்ல சரக்குலே" என்றார் முதலாளி.

தடவினார்கள், முகர்ந்தார்கள். ஈஸா சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை, நாற்காலியை மட்டும் சற்று நகர்த்திக்கொண்டீர்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்திருந்தேன். ஆகவே அந்தச் சோதனை முறையானதல்ல.

சங்கின் சதை அழுகிக் கழலுவதற்காகக் கிட்டங்கியில் குவித்துப் போடுவோம். அந்த நாட்களில் ஒருவரும் கதவருகே வருவதில்லை. புதுக் குவியலைப் பார்க்க முதலாளி தனியாக வந்தார். வெட்டிவேர் பூசியிருந்தார், குப்பியும் சட்டைப்பையில் இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். கடப்பாரை என் கையில் இருந்தது. ஒரே அடிதான், அவர் கஷ்டப்படவில்லை.

அவர் கொழும்புக்குப் போயிருப்பதாக உங்களுக்குச் சொன்னவன் நான்தான்.

சங்குகளுக்கு நடுவே படுக்கவைத்தேன். ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி வைத்து, குப்பி முழுவதையும் அதில் தடவினேன். காலைதோறும் முகர்ந்து பார்த்தேன். முதலில் மணத்தது. போகப் போக, சங்கு எது, முதலாளி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நேற்று ஈஸா கிட்டங்கித் தெருவில் எதிர்ப்பட்டார். "அவுஹ வந்ததும் பூசணுமாம். அந்தம்மா இன்னொரு குப்பி கேட்டிருக்காஹ, பாவம்" என்றார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் குப்பியை வாங்காதீர்கள், அம்மா. அது நாற்றத்தை அடக்காது. முதலாளியும் வரப்போவதில்லை.

கோபத்தில் செய்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோபக்காரன் இவ்வளவு பொறுமையாகச் சோதித்துப் பார்ப்பானா?

ஈஸா உங்கள் வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கிறார், இங்கே கிட்டங்கி வாசலில் நிற்கிறார். அரக்கு உருகிவிட்டது. உறையை மூடி அவரிடம் கொடுத்துவிடுகிறேன். வழிபார்த்திருப்பவருக்குத் தகவல் சொல்வது மனிதர் கடமை. இதற்காக நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.