அனைவரும் சித்தி

— தங்கச்சி சுஜாந்தி, இங்கிலிஷ் இலக்கணம் எண்டது எங்கடை இனத்தின்ரை கவசம்! எழுவாய் ஒருமையெண்டால் வினையும் ஒருமை, பன்மையெண்டால் பன்மை. இதைப் பிடிச்சவனை உலகத்திலை ஒருதரும் அசைக்கேலாது!

— ஓம், தர்மராசா மாஸ்டர். முதல் அந்தக் கதிரையிலை கிடக்கிற கீழைக் கடை முருங்கைக்காயை எடுங்கோ. பாரிசுக்கு வெளியிலை, கார்ஜிலையிருந்து ரெயினிலை நிண்டுகொண்டே வாறன்.

— இந்தா, இரும். றிசல்ட் வந்திட்டுதோ? கீழை கடையிலை வேலை செய்யிற வசந்தன் ஏணியோடை நிக்கிறான். பதாகையைப் பாத்தனீரே? ‘தர்மராசா இங்கிலிஷ் கலாசாலை. லண்டன் விசாச் சோதனைக்குப் போன அனைவரும் சித்தி!’ லா சப்பல் தெரு முழுக்கத் தெரியும். உம்மடை முடிவு ஒண்டுதான் பாக்கி. நீர் தவறினால் சுருட்டி வைக்கவேண்டியதுதான்.

— பாஸ், மாஸ்டர்!

— என்ரை ராசாத்தி! டேய் வசந்தன், ஏறடா, ஏறு!

— வசந்தண்ணை, ஏறாதேங்கோ, கொஞ்சம் நில்லுங்கோ!

— ஏன் நிக்கோணும்? சொல்லும், எத்தினை முன்னிடைச்சொல் கேட்டவை? ‘குட் அற்’, ‘அஃப்ரெயிட் ஒஃப்’, ‘டிப்பென்ட் ஒன்’... மாசக்கணக்கா நான் உருப்போட வைச்சது!

— ஒண்டும் கேக்கேல்லை. பேப்பரே தரேல்லை. ஒரு இங்கிலிஷ் மனிசி முன்னாலை இருந்து கதைச்சவ. சோதனை அவ்வளவுதான்.

— கதைச்சதோ? இஞ்சை நான் ஒருதரையும் வாய் திறக்க விடுறேல்லையே! பிழை போகுமட்டும் மௌனம். அதெல்லோ எங்கடை முறை!

— அதாலைதான் முதல் கேள்வியை மூண்டுதரம் கேக்க வைச்சனான்! என்ன சமைப்பீர் எண்டு கேட்டா. ‘மை ஹஸ்பன்ட் லைக் கிராப் கறி’ எண்டன். ‘லைக்’குக்கு ‘எஸ்’ போடேல்லை எண்டு மெட்ரோவுக்குள்ளைதான் ஞாபகம் வந்தது. அவ தனக்கும் நண்டு விருப்பம் எண்டு சிரிக்கிறா, மாஸ்டர்!

— பிழையோடையோ பாஸ் போட்டவை? சரி, விடும், வெளியிலை மூச்சு விடாதையும். பதாகையிலை பொய்யில்லை. எங்கடை கலாசாலையிலையிருந்து போன அனைவரும் சித்தி!

— மாஸ்டர், உங்கடை மனிசி, அன்ரி, லண்டனிலை உங்களை வழி பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறா. நீங்கள் எப்ப போறியள்?

— பப்பியே, விசாக் கடுதாசி அலுவல் இழுபடுது. அதுக்கும் பதாகைக்கும் என்ன?

— சோதனையண்டைக்கு எனக்குப் பிறகு உங்கடை பேரைத்தான் கூப்பிட்டவை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டவை. நீங்கள் கழிப்பறைக்குள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தனீங்கள்.