கூரைக்கடியில் ஓர் அறை

மொன்றியலில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் சமைக்கிற குசினியைத்தான் பார்ப்பார்கள். நான் கூரையைப் பார்த்தேன். லசால் பகுதியில் எங்கள் தெரு வீடுகளுக்கெல்லாம் சரிந்த கூரை. அதற்கடியில் ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு இடம் சும்மா கிடக்கும். அதை அறையாக்கினால் வீட்டின் மதிப்பு ஏறும் என்று அன்றே நினைத்தேன்.

நீங்கள் மொழிபெயர்ப்பாளர். நான் தமிழில் சொல்லச் சொல்ல, நீங்கள் அந்தப் பொலிஸ் அதிகாரிக்குப் பிரெஞ்சில் சொல்லுங்கள். அவசரமில்லை.

நான் பயந்த சுபாவம். என் மனைவி வினோஜாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். நகரசபைக் கடிதம் வந்தால் அதைத் திறக்காமல் அவளிடமே கொடுத்துவிடுவேன். அதனால் எதையும் திட்டம் போட்டுத்தான் செய்வேன்.

அறை எங்கள் மகள் தக்ஷினிக்காக. வளர்ந்த பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கத் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டாள். வீட்டு வேலைகள் எடுத்துச் செய்கிற குலேந்திரனை வரச் சொன்னேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, குசினி மேசையில் இருந்து கணக்குச் சொன்னார். தரைக்குப் பலகை, குளிருக்குப் பஞ்சு, ஒழுங்கான படி, மின்சார வேலை, நகரசபை அனுமதி, ஆள் வெளியே ஏறிப் போகக்கூடிய பெரிய ஜன்னல். எல்லாமாக அறுபதாயிரம் டொலரைத் தாண்டியது. என்னிடம் அதில் பாதிதான் இருந்தது.

"பஞ்சில குறைக்கலாமோ?" என்று கேட்டேன்.

"குறைச்சால் பிள்ளை விறைச்சுப் போகும் அண்ணை."

"அப்ப ஜன்னல்?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆள் படுக்கிற அறையெண்டால், படியை விட இன்னொரு வழி வேணும். அதில மட்டும் கை வைக்காதேங்கோ."

நான் அதில்தான் கை வைத்தேன். பெரிய ஜன்னலுக்குக் கூரையை வெட்ட வேண்டும். வெட்டினால் அனுமதி வேண்டும். அனுமதிக்குப் போனால் அதிகாரி வருவார், பிறகு வரியும் ஏறும். ஜன்னலை விட்டால் இந்தத் தொல்லை எல்லாமே விட்டுப்போகும். பக்கச் சுவரில் ஏற்கெனவே ஆள் நுழைய முடியாத ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. வெளிச்சத்துக்கு அது போதும். குலேந்திரன் இந்த வேலைக்குத் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பாதியைச் செய்வித்து, மீதியை நானே செய்தேன். ஹீட்டருக்குத் தனிக் கம்பி இழுக்கவில்லை. கீழேயிருந்து ஒரு நீள வயரைப் படி விரிப்புக்கு அடியால் கொண்டுபோய் அதில் கொழுவினேன்.

அறை வடிவாக வந்தது. தக்ஷினி போர்வையும் தலையணையுமாக ஏறினாள். நான் கீழே படுத்திருந்து அந்த வயரையே நினைத்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் அவளைப் பழைய அறைக்கே இறக்கிவிட்டேன். ஏன் என்று அழுதாள். மேலே குளிர் என்றேன். பிறகு ஒருநாளும் அவளை அங்கே படுக்க விடவில்லை.

செலவழித்த இடம் சும்மா கிடக்கக் கூடாது. அஞ்சலீனாவுக்கு வாடகைக்குக் கொடுத்தோம். மட்டக்களப்புப் பெண், அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் இரவு வேலை, காலையில் வந்து படுப்பாள். தக்ஷினிக்கு அவளை நல்ல விருப்பம். தலைமுடி பின்னிவிடுவதும் அவள்தான்.

தை மாதக் குளிரில் ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணன், அந்தக் கண்ணாடி திறபடுதில்லையே."

காற்று வராமல் நான்தான் அதற்கு ஆணி அடித்திருந்தேன். "பனி போகட்டும், பாப்பம்" என்றேன்.

"என்னோட வேலை செய்யிற பிள்ளை சொல்றா, இப்படி அறையை வாடகைக்குக் குடுக்க ஏலாதாம். நகரசபைக்குச் சொன்னா வந்து பார்ப்பாங்களாம். நீங்க சரிபண்ணித் தாங்க அண்ணன். இல்லாட்டி நான் சொல்லத்தான் வேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. கதவைத் தட்டினால் அதிகாரியோ என்று நினைத்தேன். அவள் தொலைபேசியைக் கையில் எடுத்தாலே யாரோடு கதைக்கிறாள் என்று காது கொடுத்தேன். மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டால் அசையாமல் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

நெருப்பை நான் வைக்கவில்லை. அது வயரில் பிடித்தது. அன்று காலை வினோஜா வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். நான் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கப் போட்டுக்கொண்டிருந்தேன். மணம் வந்து ஏறிப் பார்த்தால், படியடியில் விரிப்பு எரிந்துகொண்டிருந்தது.

மேலே அஞ்சலீனாவின் கதவு திறந்தது. "அண்ணன், என்ன எரியிது? நான் இறங்கி வரவா?"

அப்போது நெருப்பு முழங்கால் உயரம்தான். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்திருந்தால் கால் சுட்டிருக்கும், அவ்வளவுதான்.

"வராதேங்கோ. கதவைச் சாத்திக்கொண்டு உள்ள இருங்கோ. நான் வாறன்."

அவள் நம்பினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் ஜக்கெற்றைப் போட்டு, சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, வெளியே போய் நின்று அவசர இலக்கத்துக்கு அடித்தேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்தபோது வாசலால் புகை தள்ளிக்கொண்டிருந்தது. ஒருவர் ஓடி வந்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அவருடைய பிரெஞ்சு எனக்கு விளங்கவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். அது பொய். இத்தனை வருடமும் தொழிற்சாலையில் நான் பிரெஞ்சில்தான் வேலை செய்கிறேன்.

நான் நின்ற இடத்திலிருந்து பக்கச் சுவர் தெரிந்தது. அந்தச் சின்னக் கண்ணாடியில் ஒரு கை தட்டிக்கொண்டிருந்தது. தீயணைப்பு லொறியின் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. கேள்வி கேட்டவர் நின்ற இடத்துக்கு அது தெரியாது.

"பெர்சொன்" என்றேன். ஒருவரும் இல்லை.

கூரைக்கடியில் என்ன இருக்கிறது என்றும் கேட்டார். பழைய சாமான்கள் என்றேன். எரிகிற படியில் தன் ஆட்களை ஏற்றாமல், வெளியே நின்று தண்ணீர் அடிக்கச் சொன்னார்.

நெருப்பு அணைந்த பிறகு எப்படியும் அவளைக் கண்டுபிடிப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று வினோஜா கேட்டபோது, "பயத்தில சொல்லிப்போட்டன்" என்றேன். அவள் அதை நம்புகிறாள். வக்கீலும் அதையே சொல்லச் சொல்கிறார். இந்த அதிகாரியும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

அதை வெட்டிவிடச் சொல்லுங்கள். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது மெல்ல மெல்லத் தட்டி, பிறகு கண்ணாடியில் வழுக்கிக் கீழே போனது. அப்போது எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் இருக்கவில்லை. இனி ஒருவரும் நகரசபைக்குச் சொல்லப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.