கிணற்றடிப் பூட்டை உடைத்தது தொடர்பாக

எனது பெயர் திலக்சன் கஜந்தி. வயது முப்பத்தொன்று. விலாசம், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் திரு. பாக்கியரத்தினம் அவர்களின் வீட்டின் பின்பகுதி, வாடகைக்கு இருக்கிறோம். அரச வைத்தியசாலை ஒன்றில் தாதியாகக் கடமையாற்றுகிறேன். கொரோனா நோயாளர் விடுதி திறந்த நாள் முதல் எனக்கு அங்கேதான் வேலை. வீட்டுக்காரர் என்மீது செய்த முறைப்பாட்டைப் பொலிஸில் வாசித்துக் காட்டினார்கள். பூட்டை உடைத்தது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

கடமை முடிந்து வந்தால் பின்படலையால் நுழைந்து, கிணற்றைச் சுற்றியுள்ள தகர மறைப்புக்குள் தலையில் தண்ணீர் வார்த்து, உடுப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகே வீட்டுக்குள் போவேன். எங்களுக்குத் தண்ணீருக்கு வேறு வழியில்லை. குழாயும் அந்த மறைப்புக்குள்தான் இருக்கிறது. எனக்குப் பத்து மாதப் பிள்ளை, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. விடுதியில் பாதுகாப்புக்குப் போடும் பிளாஸ்டிக் உடுப்புக்குள் நிற்கும்போது அழுகை வரும். நோயாளிகளுக்குத் தெரியக்கூடாது என்று அடக்கிக்கொண்டு நிற்பேன். அழுவதென்றால் கிணற்றடியில்தான் அழுவேன். அதன் பிறகுதான் பிள்ளையைத் தூக்குவேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை கடமை முடிந்து வந்தபோது மறைப்பின் கதவில் ஆமைப்பூட்டுத் தொங்கியது. பாக்கியரத்தினம் ஐயா குசினி யன்னலில் நின்று, "செத்தவீட்டால வாற ஆக்கள் மாதிரி ஒவ்வொரு நாளும் முழுகுறீர். வருத்தத்தைக் கொண்டு வராட்டி ஏன் முழுகுறீர்? உம்மட துடக்கை என்ர கிணத்தில கழுவ ஏலாது" என்றார். எங்கள் ஆட்களில் செத்தவீட்டுக்குப் போய் வருபவர்கள்தான் துடக்கு, தீட்டு என்று வாசல் மிதிக்க முன்னர் முழுகுவார்கள். வீட்டுக்குள் நோய் வந்துவிடக்கூடாது என்று நான் குளித்ததையே வருத்தம் இருப்பதற்குச் சாட்சியாக எடுத்துவிட்டார். குளிக்காமல் நேரே உள்ளே போயிருந்தால் என்னை நல்ல பிள்ளை என்றிருப்பார். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அதன் பிறகு எனது கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். பிள்ளை என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தியது. கிட்டப் போக முடியாமல் வெயிலில் நின்றேன். பால் சுரந்து சட்டை நனைந்தது. "ஐயா, பூட்டுத் திறப்பைத் தாங்கோ, பிள்ளைக்குப் பசிக்குது" என்று கேட்டேன். "வீட்டை விட்டுப் போறதெண்டாத் தாறன்" என்று சொல்லி யன்னலைச் சாத்தினார். அதன் பிறகு வேலியோரம் கிடந்த செங்கல்லை எடுத்துப் பூட்டை அடித்து உடைத்தேன். அவரைத் திட்டவுமில்லை, அவர்மீது துப்பவுமில்லை. முறைப்பாட்டில் உள்ள அந்தக் கதை பச்சைப் பொய். அதன் பிறகு குளித்தேன், பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். நாளைக்குப் பூட்டினால் நாளைக்கும் உடைப்பேன்.

கொரோனா விடுதித் தாதி என்பதால் இந்த வாக்குமூலத்தைப் பொலிஸ் நிலையத்தின் வெளிவிறாந்தையில் என்னை நிற்கவைத்துப் பெற்றார்கள். உள்ளே கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. சார்ஜன்ட் யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து எழுதினார். இதையும் எழுதும்படி கேட்டேன், எழுதினார். பின்னர் முழுவதையும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அத்தனையும் உண்மை. கையொப்பமிடுவதற்கு யன்னல் கம்பிக்குள்ளால் பேனையை நீட்டி, "திருப்பித் தர வேண்டாம் மிஸ்ஸி, நீங்களே வச்சிருங்கோ" என்றார். அதையும் எழுதச் சொன்னேன்.

(ஒப்பம்) தி. கஜந்தி